இணைப்பு ரயிலும் இணைப்புக் கோரிக்கையும்

வெளியூருக்குக் கிளம்பும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "அங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?" டிக்கெட் எடுத்தாச்சா, துணிமணி எடுத்து வச்சாச்சா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். சென்னைக்குக் கல்லூரியில் சேரப் போனபோதும் அப்பா இதைக் கேட்டார். முதுகலை படிக்க இங்கிலாந்துக்கு விமானம் ஏறியபோதும் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் பழைய டைரியைப் புரட்டி, கூட வேலை பார்த்தவருடைய மச்சினர் மகன் லண்டனில் இருப்பதாக ஒரு எண்ணையும் எழுதிக் கொடுத்தார். நான் படிக்கப்போகும் ஊர் லண்டனிலிருந்து முன்னூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதப்பா என்றேன். "இருக்கட்டுமே, ஒரே நாடுதானே" என்றார். நான் சிரித்தேன்.

கடந்த பிப்ரவரியில், ஜெனீவா விமான நிலையத்தில், ஆறு பேரின் பெட்டிகளுக்கு நடுவே நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஒரே வீட்டில் ஆறு பேர். இரண்டு ஆங்கிலேயர்கள், ஒரு நைஜீரியன், ஒரு மலேசியப் பெண், ஒரு கேரளத்து நண்பன், அப்புறம் நான். ஆங்கிலேய நண்பன் ஒருவனுக்கு பிப்ரவரியில் ஆல்ப்ஸ் மலைக்குப் போய் பனிச்சறுக்கு ஆட ஆசை. மற்ற நால்வருக்கும் பனிச்சறுக்கு என்றால் சினிமாப் பாட்டில் பார்த்ததோடு சரி. ஆனாலும் எல்லோரும் தலையாட்டினோம். நைஜீரிய நண்பன் மட்டும் மூன்று நாள் யோசித்தான். கிடங்கு ஒன்றில் இரவு வேலை பார்த்துச் சேர்க்கிற காசு அவனுடையது.

இந்த மாதிரிப் பயணத்தை இரண்டு விதமாக ஏற்பாடு செய்யலாம். விமானம், தங்குமிடம், மலைக்குப் போகும் வண்டி எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்திடம் மொத்தமாக வாங்குவது ஒரு வழி. எல்லாவற்றையும் தனித்தனியாகத் தேடித் தேடி நாமே கோப்பது இன்னொரு வழி. இரண்டாவது மலிவு என்று கணக்குப் போட்டு அதையே எடுத்தோம். ஒருவன் விமான டிக்கெட், ஒருத்தி தங்குமிடம், ஒருவன் லிஃப்ட் பாஸ் என்று வேலையைப் பங்கு போட்டபோது, விமான நிலையத்திலிருந்து மலைக்குப் போகும் ஏற்பாடு மிச்சமிருந்தது. "நீதானே போக்குவரத்துத் திட்டமிடல் படிக்கிறவன்? அதை நீ பார்த்துக்கொள்" என்று என் தலையில் கட்டினார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். ஒரு வேன் பிடிப்பது பெரிய விஷயமா என்ன?

பெரிய விஷயம்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

நாங்கள் தேர்ந்தெடுத்த இடம் பிரான்சில் வால் தோரன்ஸ். கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐரோப்பாவின் மிக உயரமான பனிச்சறுக்கு ஊர் என்று பெயர். ஜெனீவாவிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். அல்பெர்வில் தாண்டி, மூட்டியே என்ற சிற்றூர் வரைக்கும் பள்ளத்தாக்குச் சாலை. ரயிலும் அந்த ஊர் வரைக்கும் வருகிறது. அங்கிருந்து மேலே கொண்டை ஊசி வளைவுகளோடு சுமார் 37 கிலோமீட்டர் ஏற்றம். சாதாரண நாளில் ஜெனீவாவிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்கிறார்கள்.

ஆனால் சனிக்கிழமை சாதாரண நாள் அல்ல. ஆல்ப்ஸில் வாடகை வீடுகள் பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்று ஒரு வாரக் கணக்கில்தான் கிடைக்கும். அதனால் பல்லாயிரம் பேர் காலையில் மலையிலிருந்து இறங்குவார்கள், இன்னொரு பல்லாயிரம் பேர் மதியத்துக்கு மேல் அதே சாலையில் ஏறுவார்கள். பிப்ரவரியில் பிரான்சின் பள்ளிகளுக்கு மண்டலம் மண்டலமாகக் குளிர்கால விடுமுறை, போதாததற்கு இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் அரைப்பருவ விடுமுறை. பிரான்சில் 'பிஸோன் ஃப்யூட்டே' என்று ஓர் அரசு சேவை இருக்கிறது. எந்தெந்த நாளில் சாலைகள் எவ்வளவு நெரியும் என்று முன்கூட்டியே பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் கொடுத்துவிடுவார்கள். விடுமுறைச் சனிக்கிழமைகள் எந்த நிறத்தில் இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

2014 டிசம்பர் 27-ம் தேதியும் ஒரு சனிக்கிழமைதான். கிறிஸ்துமஸ் முடிந்த மாற்று நாள். அன்று சவோய் பகுதியில் பெரும் பனி கொட்டி, சுமார் 15,000 வாகன ஓட்டிகள் சாலையில் மாட்டிக்கொண்டார்கள். இரவு தங்குவதற்கு அவசர முகாம்கள் திறக்க வேண்டி வந்தது. இதையெல்லாம் நான் வேன் பதிவு செய்வதற்கு முன்பே படித்திருந்தேன். படித்தது வேறு, உறைத்தது வேறு.

எனக்கு முன்னால் இருந்த வழிகளையும் சொல்லிவிடுகிறேன். இதே வேலை உங்கள் தலையில் விழுந்தால் உதவும்.

வாடகைக் கார் எடுக்கலாம். எங்களில் யாருக்கும் பனியில் ஓட்டிப் பழக்கமில்லை. பிரான்சின் மலைப் பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயரோ சங்கிலியோ இருக்க வேண்டும் என்று 2021-லிருந்து விதி. சுவிஸ் பக்கம் நெடுஞ்சாலையில் ஓட 40 ஃப்ராங்க் வில்லை வேறு. ஜெனீவா விமான நிலையத்தில் இன்னொரு வேடிக்கை. அதற்கு சுவிஸ் பக்கம், பிரெஞ்சுப் பக்கம் என்று இரண்டு பகுதிகள். எந்தப் பக்கம் கார் எடுத்தோமோ அந்தப் பக்கமே திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த வழி வேண்டாம் என்று விட்டோம்.

பேருந்து இருக்கிறது. மலிவு. ஆனால் அதன் நேரம்தான் நம் நேரம், நம் விமானத்துக்காக அது நிற்காது. பலரோடு சேர்ந்து போகும் பகிர்வு வேன் இருக்கிறது. நாம் இறங்கினாலும் மற்ற விமானங்களில் வருகிறவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும். ரயிலில் மூட்டியே வரை போய் அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். ஜெனீவாவிலிருந்து நேர் ரயில் கிடையாது, நடுவில் மாற வேண்டும். கடைசியில் தனி வேன். ஆறு பேராகப் பிரித்தால் பகிர்வு வேனுக்கு ஆகும் காசுக்குப் பக்கத்தில் வந்தது. விமானம் மதியம் ஒன்றே காலுக்கு இறங்குகிறது. வேன் நம்மை வாசலில் ஏற்றி வாசலில் இறக்கும். இதைவிட என்ன வேண்டும்? முழுப் பணத்தையும் என் அட்டையில் கட்டிவிட்டு, வீட்டுக் குழுவில் "முடிந்தது" என்று போட்டேன். கட்டைவிரல்கள் வரிசையாக வந்தன.

"60 நிமிடம் இலவசமாகக் காத்திருப்போம்" என்று அவர்கள் தளத்தில் பெரிதாகப் போட்டிருந்தது. எந்த நேரத்திலிருந்து 60 நிமிடம் என்பது உள்ளே நிபந்தனைகளில் இருந்தது. அதை நான் படிக்கவில்லை.

இந்த இடத்தில் கதையின் இன்னொரு பாதிக்கு வர வேண்டும்.

அதே ஜனவரியில்தான் நான் வேலை தேட ஆரம்பித்திருந்தேன். ஒரு வருடப் படிப்பு. வரும்போதே வங்கிக் கடன். படிப்பு முடிந்ததும் வேலை தேடுவதற்கான விசாக் காலம் ஓடத் தொடங்கிவிடும். வகுப்பில் எல்லோரும் சொன்ன மந்திரம் ஒன்றுதான்: லிங்க்ட்இன்னில் ஆட்களைச் சேர். நானும் சேர்த்தேன். போக்குவரத்து என்ற சொல் யார் பக்கத்தில் இருந்தாலும் இணைப்புக் கோரிக்கை. ஒரு வரி எழுதுவது கிடையாது, பொத்தானை அழுத்துவதோடு சரி. மூன்று வாரத்தில் 140 பேருக்கு அனுப்பினேன். ஐம்பது அறுபது பேர் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டவர்களுக்கெல்லாம் ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்பினேன். 'உங்கள் நிறுவனத்தில் ஏதாவது வாய்ப்பு இருந்தால் தெரிவிக்கவும்' என்பது அதன் சாராம்சம். ஒரே ஒருவர் "வாழ்த்துகள்" என்று பதில் போட்டார். எதற்கு வாழ்த்தினார் என்று இன்றுவரை தெரியவில்லை :-)

ஒரு நாள் இரவு, வேலைக்காக இல்லாமல், வேன் ஏற்பாட்டில் ஏதோ உறுத்தலாக இருந்ததால் சுவிஸ் ரயில்களைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது ஒருவருடைய பக்கம் கண்ணில் பட்டது. தமிழ்ப் பெயர். சுவிட்சர்லாந்தில் ரயில் கால அட்டவணை வகுக்கும் வேலை. போரினால் இலங்கையிலிருந்து போய் அங்கே குடியேறிய தமிழர்கள் ஏராளம், அப்படி ஒரு குடும்பத்துப் பிள்ளையாக இருக்கும் என்று நினைத்தேன். என்ன தோன்றியதோ, தமிழிலேயே எழுதினேன். "வணக்கம் அண்ணா. நான் போக்குவரத்துத் திட்டமிடல் மாணவன். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ஆறு பேரை ஜெனீவா வழியாக வால் தோரன்ஸ் கூட்டிப் போகிறேன். வேன் வராவிட்டால் ரயிலில் போக வழி உண்டா?" அவ்வளவுதான். வேலை என்ற சொல்லே அதில் இல்லை.

இரண்டு நாளில் பதில் வந்தது. அப்படியே தருகிறேன்.

"வணக்கம் தம்பி. தமிழிலை எழுதினது சந்தோசம். சனிக்கிழமை எண்டால் வானை மட்டும் நம்பி வராதேங்கோ. பிளைட் பிந்தினால் அவங்கள் நிக்க மாட்டாங்கள், அடுத்த ஆக்களை ஏத்த வேணும். ஆறு மணிக்குப் பிறகு இறங்கினால் அண்டைக்கே மேலை போக நினைக்க வேண்டாம். கொர்னவானிலை ஷாம்பெரிக்கு ரெயின் எடுங்கோ, அங்கை படுத்திட்டு விடிய மூட்டியேக்குப் போங்கோ. வீட்டுத் திறப்பை எங்கை வைப்பினம் எண்டு இப்பவே கேட்டு வையுங்கோ."

திறப்பு என்றால் சாவி என்று புரிய எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. கொர்னவான் என்பது ஜெனீவா நகரின் முக்கிய ரயில் நிலையம். நன்றி சொன்னேன். தங்குமிடத்துக்கு ஒரு கடிதமும் போட்டு வைத்தேன். அப்புறம் மறந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலை இங்கிலாந்தில் பனி இல்லை, மூடுபனி. விமானம் கிளம்பவில்லை. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பது விதி, ஆளுக்கு ஒரு கூப்பன் கொடுத்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் இழப்பீடும் உண்டு. ஆனால் வானிலை போன்ற, விமான நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றால் கிடையாது. வேன்காரர்களுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மின்னஞ்சல் போட்டேன். தானியங்கிப் பதில் வந்தது. அப்போதுதான் நிபந்தனைகளைத் திறந்து படித்தேன். 60 நிமிடம் என்பது விமானம் *இறங்கிய* நேரத்திலிருந்து அல்ல, *இறங்க வேண்டிய* நேரத்திலிருந்து. இரண்டே கால் மணிக்கு எங்கள் வேன் போய்விட்டிருக்கும். நாங்கள் ஜெனீவாவில் இறங்கியது ஐந்து இருபதுக்கு. கடவுச்சீட்டு வரிசையைத் தாண்டி வெளியே வரும்போது ஆறு மணி தாண்டியிருந்தது.

பெயர்ப் பலகை பிடித்துக்கொண்டு நிறைய ஓட்டுநர்கள் நின்றிருந்தார்கள். எங்கள் பெயர் எதிலும் இல்லை.

அப்போது ஒரு விஷயம் உறைத்தது. எங்களுக்கு நடந்ததில் யார் மேலும் வழக்குப் போட முடியாது. விமானம் தாமதமானாலும் ஜெனீவாவில் கொண்டுவந்து விட்டது. வேன் சொன்ன நேரத்துக்கு வந்து சொன்ன நேரம் நின்றது. வீடு மேலே தயாராக இருக்கிறது. மூன்று கண்ணியும் முழுசு, கண்ணிகளுக்கு நடுவில் சங்கிலி இல்லை. மொத்தமாக ஒரே இடத்தில் வாங்கியிருந்தால் அந்தச் சங்கிலிக்குப் பயண அமைப்பாளர் பொறுப்பு. ஐரோப்பாவில் 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் தொகுப்புப் பயணச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தனித்தனியாக வாங்கும்போது அந்த அமைப்பாளர் யார்? நான். எங்கள் மலிவின் ரகசியம் அதுதான். காத்திருப்பதற்கும் மாற்று ஏற்பாட்டுக்கும் கொடுக்க வேண்டிய காசை நாங்கள் கொடுக்கவில்லை.

ஐந்து பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "டாக்சி?" என்றான் ஒருவன். விசாரித்தோம், கேட்ட தொகையில் எங்கள் ஒரு வார வீட்டு வாடகையே கட்டிவிடலாம். மலேசியத் தோழி தன் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். நைஜீரிய நண்பன் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நாள் யோசித்துச் சம்மதித்தவன் அவன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அப்போதுதான் அந்தச் செய்தி ஞாபகம் வந்தது. கைபேசியில் தேடி எடுத்துப் படித்தேன், வரி வரியாக அதையே செய்தோம். விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம், ஏழு நிமிடத்தில் கொர்னவான். ஏழு மணிவாக்கில் ஷாம்பெரிக்கு ரயில் கிடைத்தது. ரயிலில் உட்கார்ந்தபடியே தங்குமிடத்துக்கு அழைத்தோம். ஏற்கனவே கடிதம் போட்டிருந்ததால் அந்த அம்மாள் உடனே புரிந்துகொண்டு, சாவியை எண்பூட்டுப் பெட்டியில் வைத்து எண்ணை அனுப்பினார். ஷாம்பெரியில் மலிவான விடுதி ஒன்றில் மூன்று மூன்று பேராகப் படுத்தோம். காலையில் மூட்டியே ரயில். அங்கிருந்து பேருந்தில் மேலே ஏற ஏற, மரங்கள் குறைந்து, கடைசியில் வெள்ளையைத் தவிர வேறு நிறமே இல்லாமல் போயிற்று. நைஜீரிய நண்பன் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, "சனிக்கிழமை இரவு வந்திருந்தால் இதைப் பார்த்திருக்க முடியாது" என்றான். எனக்காகத்தான் சொன்னான் என்று தெரியும். ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்கு மூச்சு திரும்பி வந்தது. விடுதிக் காசை நான் கொடுக்கிறேன் என்றதற்கு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. வேனில் போன பணம் போனதுதான். அதையும் ஆறாகப் பிரித்துக்கொண்டார்கள்.

(பனிச்சறுக்கு எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கு: ஐந்து நாள் விழுந்தேன், ஆறாம் நாள் நின்றேன். அதற்குத் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும்.)

திரும்பி வந்ததும் அண்ணாவுக்கு நடந்ததையெல்லாம் எழுதினேன். "ரெயின் தவறேல்லைதானே?" என்பதுதான் அவர் முதல் கேள்வி. அதன்பிறகு இருவரும் நிறையப் பேசினோம். சுவிஸ் ரயில் அட்டவணையைப் பற்றி அவர் சொன்னது என் பாடப் புத்தகங்களைவிடத் தெளிவாக இருந்தது. 1982-லிருந்து அங்கே நாடு முழுக்க ரயில்கள் ஒவ்வொரு மணியிலும் அதே அதே நிமிடத்தில் ஓடுகின்றன. 2004 டிசம்பரில் அதை இன்னும் இறுக்கினார்கள். பெரிய நிலையங்களுக்கு எல்லாத் திசை ரயில்களும் மணி அடிப்பதற்குச் சற்று முன் வந்து சேரும், சில நிமிடம் நிற்கும், மணி அடித்த சற்று நேரத்தில் கிளம்பும். யார் எங்கிருந்து வந்தாலும் அடுத்த ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். சூரிச்சிலிருந்து பேர்னுக்குப் போகும் நேரத்தை 56 நிமிடமாகக் குறைத்தார்கள். அதை இன்னும் குறைக்க வேண்டும் என்று யாரும் துடிக்கவில்லை. ஒரு மணிக்குள் வந்து, இறங்கி மாற நேரம் இருந்தால் போதும். வேகம் முக்கியமில்லை, இணைப்பு முக்கியம். அந்த நாலு நிமிடம் சும்மா நிற்பதுதான் முழு அமைப்பையும் தாங்குகிறது என்றார்.

என் வேன் ஏற்பாட்டில் இல்லாமல் போனது அந்த நாலு நிமிடம்தான். யோசித்துப் பார்த்தால் என் 140 கோரிக்கைகளிலும் இல்லாமல் போனது அதுதான். எல்லோரிடமும் நான் கடைசி நிமிடத்தில் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். எனக்கு வேலை வேண்டும், இப்போதே வேண்டும். அவர்களுக்கு நான் யாரென்றே தெரியாது. அவர்கள் ஏன் நிற்க வேண்டும்?

சமூகவியலில் இதைப் பற்றிப் புகழ்பெற்ற ஒரு கட்டுரை உண்டு. மார்க் கிரனோவெட்டர் 1973-ல் எழுதியது. அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறியவர்களிடம் அவர் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர்கள் 55.6 சதவீதம், அரிதாகப் பார்ப்பவர்கள் 27.8 சதவீதம். நம் நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரியும். தூரத்து அறிமுகம்தான் வேறோர் உலகத்துச் செய்தியைக் கொண்டுவரும். 2022-ல் லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பயனர்களின் ஐந்து ஆண்டுத் தரவுகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்து ஓர் ஆய்வு வந்தது. அதில் தெரிந்தது இன்னும் நுணுக்கமானது. வேலை மாற அதிகம் உதவியது மிக நெருங்கிய உறவும் அல்ல, அறவே ஒட்டாத உறவும் அல்ல. இரண்டுக்கும் நடுவில், ஓரளவு தளர்ந்த உறவு.

என் ஐம்பது அறுபது இணைப்புகள் அறவே ஒட்டாத ரகம். அண்ணாவோடு ஏற்பட்டது எப்படி நடு ரகம் ஆனது? நான் கேட்டது அவருக்குத் தெரிந்த ஒன்றை. ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒன்றை. பதில் பயன்பட்டது என்று திரும்பி வந்து சொல்லவும் சொன்னேன். இவ்வளவுதான் வித்தியாசம். அப்பாவின் கேள்வியும் இதேதானே? 'தெரிஞ்சவங்க இருக்காங்களா' என்று அவர் கேட்பது பெட்டி கட்டும்போது. பஸ் போன பிறகு அல்ல.

அவர் எனக்கு வேலை வாங்கித் தரவில்லை. "வேலை எடுத்துத் தர என்னாலை ஏலாது தம்பி, ஆனால் கேள்வி எண்டால் கேளுங்கோ" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் பேச்சுவாக்கில் அவர் கேட்ட ஒரு கேள்விதான் என் ஆய்வேட்டின் தலைப்பாகிவிட்டது: சனிக்கிழமை மாற்று நாளை வாரத்தின் மற்ற நாட்களுக்குப் பரப்பினால் பள்ளத்தாக்குச் சாலையில் நெரிசல் எவ்வளவு குறையும்? பேராசிரியர் தலையாட்டிவிட்டார். அதற்கப்புறம் நான் இணைப்புக் கோரிக்கை அனுப்பியது மொத்தம் ஆறு பேருக்கு. ஒவ்வொருவருக்கும் அவர் செய்த வேலையைப் படித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி. இலவசக் கணக்கில் மாதத்துக்கு ஒரு சில கோரிக்கைகளோடுதான் குறிப்பு சேர்த்து அனுப்ப முடியும். முன்பு இதைக் கஞ்சத்தனம் என்று திட்டியிருக்கிறேன், இப்போது நல்லது என்று படுகிறது. ஆறில் நால்வர் பதில் எழுதினார்கள். அதில் ஒருவர், தன் குழுவில் ஒரு பயிற்சி இடம் வரப்போகிறது, விண்ணப்பித்துப் பார் என்றார். நேர்காணல் அடுத்த செவ்வாய்க்கிழமை. கிடைக்குமா என்று தெரியாது. கிடைக்காவிட்டால் இன்னும் ஆறு பேர், இன்னும் ஆறு கேள்வி.

மலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் நாலு வார்த்தை. காத்திருப்பு நேரம் எந்தக் கணத்திலிருந்து எண்ணப்படுகிறது என்று பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள். முடிந்தால் சனிக்கிழமையைத் தவிருங்கள், முடியாவிட்டால் காலை விமானத்தில் போங்கள். சாவி எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கேளுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு ஷெங்கன் விசாவுக்கே 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அது இருப்பதால் எல்லாவற்றுக்கும் காப்பீடு இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பனிச்சறுக்கு விபத்தும், தவறவிட்ட வண்டியும் அதில் அடங்குமா என்று தனியாகப் பாருங்கள். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள்.

வேலை தேடுகிறவர்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி வரவில்லை. செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் பார்ப்போம்.

போன வாரம் அப்பாவிடம் பேசும்போது இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன். வேன் போனதற்கு "அடப்பாவி" என்றார். அண்ணாவைப் பற்றிச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்தத் தம்பி நம்பரை எனக்கும் அனுப்பு, டைரில எழுதி வைக்கிறேன். யாராச்சும் அந்தப் பக்கம் போனா ஆகும்" என்றார்.

அண்ணாவிடம் அனுமதி கேட்டு அனுப்பிவிட்டேன். கையோடு, லண்டன்காரருக்கும் முதல் தடவையாக ஒரு வணக்கம் போட்டேன். அவரிடம் கேட்க இப்போது என்னிடம் ஒன்றுமில்லை. அதனால்தான் போட்டேன்.